குழந்தையின் பஞ்சுப் பொம்மையைத் துவைப்பதும் உள்வரை உலர்த்துவதும்

பஞ்சுப் பொம்மையைத் துவைப்பது அரை மணி நேர வேலை. அதன் வயிற்றுக்குள் இருக்கும் பஞ்சு வரை ஈரம் போகும்படி உலர்த்துவதுதான் பெரிய வேலை; துவைத்த பின் பொம்மை கெட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தவறு நடந்திருக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி என்பதால், கொடியில் போட்ட பொம்மை மாலைக்குள் தொடுவதற்குக் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் நடுப்பகுதியில் ஈரம் அப்படியே தங்கியிருக்கும். அந்த ஈரம் ஓரிரு நாள் நீடித்தாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். பூஞ்சை பிடித்த பொம்மையைக் கட்டிக்கொண்டு குழந்தை தூங்குவதைவிட, அழுக்குப் பொம்மையோடு தூங்குவது எவ்வளவோ மேல். ஆகவே எப்படித் துவைப்பது என்று யோசிப்பதற்கு முன், எந்த நாளில் துவைத்தால் முழுவதும் காயும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

துவைக்க வேண்டிய தேவையும் வெறும் தோற்றத்துக்காக ஏற்படுவதன்று. மெத்தை, தலையணை, பொம்மை ஆகியவற்றில் டஸ்ட் மைட் எனப்படும் தூசி உண்ணிகள் வாழ்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத இந்த உயிரிகள், நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்கின்றன. தண்ணீர் குடிக்காமல் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி வாழ்கின்றன. அதனால் 70 முதல் 80 சதவீத ஈரப்பதம் அவற்றுக்கு மிகவும் உகந்தது. ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவை வற்றி இறந்துவிடும். அவை கடிப்பதில்லை. அவற்றின் கழிவிலுள்ள புரதங்கள்தான் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்குத் தும்மல், மூக்கடைப்பு, வீசிங், தோல் அரிப்பு ஆகியவற்றைத் தூண்டுகின்றன. இரவு முழுவதும் முகத்தோடு ஒட்டிக் கிடக்கும் பொருள் என்பதால் படுக்கைக்கு வரும் பொம்மையைப் படுக்கை விரிப்பைப் போலவே கருத வேண்டும். வீசிங் உள்ள குழந்தையின் படுக்கையில் ஒரே ஒரு பொம்மையை வைத்து, அதை வாரம் ஒரு முறை துவைப்பது நல்லது. மற்றக் குழந்தைகளின் படுக்கைப் பொம்மைக்கு மாதம் ஒரு முறை போதும். அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பொம்மைகளை அவ்வப்போது தூசி தட்டி, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை துவைத்தால் போதுமானது.

நனைப்பதற்கு முன்

முதலில் பொம்மையின் பக்கவாட்டுத் தையலில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். தொட்டிக்குள் கை வைத்த படம் கையால் துவைக்கலாம் என்பதையும், தொட்டியின் மேல் பெருக்கல் குறி தண்ணீரில் முக்கவே கூடாது என்பதையும், பெருக்கல் குறி போட்ட முக்கோணம் பிளீச் கூடாது என்பதையும் குறிக்கும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. முத்திரையோடு ஐ.எஸ். 9873 என்ற எண் இருந்தால் அது மின்சாரம் இல்லாத பொம்மை, ஐ.எஸ். 15644 என்று இருந்தால் உள்ளே மின்கலமோ மின்சுற்றோ இருக்கிறது என்று பொருள். பாடும், பேசும், கண் சிமிட்டும் பொம்மைகளை வாளியில் போடுவதற்கு முன் இந்த எண்ணை ஒரு முறை பார்த்துவிடுவது பயனுள்ளது.

சீட்டே இல்லாத பொம்மைகள் நம் வீடுகளில் ஏராளம். திருவிழாக் கடையிலும் பொருட்காட்சியிலும் வாங்கியவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். அழுத்திவிட்டால் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பினால் அநேகமாக உள்ளே இருப்பது பாலியெஸ்டர் பஞ்சு. இது தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் துவைக்க ஏற்றது. கட்டி கட்டியாக நெருடினால் பருத்தியோ இலவம் பஞ்சோ துணிக் கழிவோ இருக்கலாம். இவை நனைந்தால் உருண்டு திரண்டு மீண்டும் பரவாது. நுரை ரப்பர் துண்டுகள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு விடாது. மணல்போல் நழுவினால் தெர்மாகோல் மணிகளோ பிளாஸ்டிக் மணிகளோ இருக்கும். தையல் விட்டால் அவை வீடெங்கும் சிதறும், சின்னக் குழந்தையின் மூக்குக்கும் வாய்க்கும் போகும் என்பதால் இயந்திரத்தில் போடவே கூடாது. பாலியெஸ்டர் தவிர மற்றவற்றை மேலாகத் துடைத்துச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்வதே சரி. மொஹேர் எனப்படும் ஆட்டு ரோமத்தால் ஆன மிகப் பழைய கரடி ஏதேனும் குடும்பச் சொத்தாக வந்திருந்தால் அதையும் நனைக்காதீர்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸ்டைஃப் போன்ற நிறுவனங்கள் செய்த கரடிகளுக்குள் பஞ்சுக்குப் பதில் மெல்லிய மரச் சீவல்தான் அடைக்கப்பட்டிருந்தது.

அடுத்து, சாயம் போகுமா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பொம்மையின் அடிப்பகுதியில் மறைவான ஓர் இடத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். துணியில் நிறம் ஏறினால் முக்கித் துவைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மின்கலப் பெட்டி இருந்தால் அதன் அருகிலுள்ள தையலைப் பிரித்து, பெட்டியை வெளியே எடுத்துவிட்டுத்தான் துவைக்க வேண்டும். எடுத்த பெட்டியை, குறிப்பாகக் காசு போன்ற வட்ட மின்கலங்களை, குழந்தையின் கை எட்டும் இடத்தில் ஒரு நொடிகூட வைக்காதீர்கள். விழுங்கப்பட்ட வட்ட மின்கலம் உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கண், மூக்கு, பொத்தான் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஆடுவதைத் தைத்துவிட்டுத் துவைப்பதா, துவைத்துவிட்டுத் தைப்பதா என்ற குழப்பமே வேண்டியதில்லை. முன்னதாகவே தைத்துவிட வேண்டும், ஏனெனில் சிறிய பிரிசல் தண்ணீரின் கனத்தில் பெரிதாகிவிடும்.

கடைசியாக ஒரு வேலை. சமையலறைத் தராசில் பொம்மையை வைத்து, எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்பது உலர்த்தும்போது விளங்கும்.

கறைகள்

பொம்மை முழுவதையும் நனைக்கும் முன் கறைகளைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். பால், வாந்தி, இரத்தம் ஆகியவை புரதக் கறைகள். சூடான தண்ணீர் பட்டால் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பச்சைத் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும். தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய், நெய் ஆகியவற்றுக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை விரலால் தடவிப் பத்து நிமிடம் விடலாம். கண் மையும் எண்ணெயில் குழைந்த கரிதான் என்பதால் அதற்கும் இதே வழி. தேய்த்தால் பரவும், ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பேனா மையைக் கை கழுவும் சானிடைசர் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடுக்கலாம்.

மஞ்சள் கறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பைப் போட்டதும் கறை செக்கச்செவேலென்று மாறுவதைக் கண்டு பலரும் பதறிப்போய், மேலும் மேலும் சோப்பைப் போட்டுத் தேய்ப்பார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும் இயல்புடையது. சோப்பை அலசியதும் அது மறுபடி மஞ்சளாகிவிடும். எண்ணெயைப் பாத்திரத் திரவத்தால் எடுத்துவிட்டு, மீதமுள்ள நிறத்தை வெயிலிடம் ஒப்படைப்பதே நல்லது. குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்பதால், உலர்த்தும்போது கறை பட்ட பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டினால் பெரும்பாலும் அதுவே வெளுத்துவிடும்.

துவைத்தல்

முதலில் பொம்மையை வெளியே கொண்டுபோய்த் தட்டி உதறுங்கள். வாக்குவம் இருந்தால் அதன் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, தூசியை உறிஞ்சி எடுக்கலாம்.

முக்கக் கூடாத பொம்மைக்கு நுரையே போதும். அகன்ற கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு தேக்கரண்டித் திரவ சோப்பும் விட்டு நன்றாக அடித்து நுரை எழுப்பி, அந்த நுரையை மட்டும் துணியில் எடுத்து ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே துடைத்துச் செல்லுங்கள். பிறகு நன்கு பிழிந்த ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தால் சோப்பு போய்விடும். ஆப்ப சோடாவைத் தூவி ஒரு பையில் கட்டி, குலுக்கி, சில மணி நேரம் கழித்து உதறும் முறையும் வழக்கத்தில் இருக்கிறது. அது வாடையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் தூசி உண்ணியைக் கொல்லாது, அழுக்கையும் எடுக்காது. வாடைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் அது நல்ல முறைதான்.

கையால் துவைப்பதற்கு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரும், இரண்டு தேக்கரண்டித் திரவ சோப்பும் போதுமானவை. கட்டிச் சோப்பை நான் பரிந்துரைப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதியாக இருந்தால், கட்டிச் சோப்பு அவற்றோடு சேர்ந்து வெண்மையான படிவாக மாறி ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பின் பொம்மை விறைப்பாக இருப்பதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீரைப் பயன்படுத்தினால் ரோமம் மென்மையாக இருக்கும். பொம்மையை அமுக்கி அமுக்கி விடுங்கள். முறுக்காதீர்கள், கல்லில் அடிக்காதீர்கள். அழுக்கு இறங்கியதும், பிழியும் தண்ணீரில் நுரை வருவது நிற்கும் வரை அலச வேண்டும். வாயில் வைத்துச் சப்பும் பொருள் என்பதால் அலசுவதில் சிக்கனம் வேண்டாம். கிருமிநாசினி, பிளீச், வாசனைக்கான கண்டிஷனர் எதுவும் தேவையில்லை. சோப்பும் போதுமான தண்ணீரும் செய்யும் வேலைக்கு மேல் அன்றாட அழுக்குக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

சலவை இயந்திரத்தில் போடுவதென்றால் பொம்மையைத் தலையணை உறைக்குள் இட்டு வாயைக் கட்டி, மென்மையான துணிகளுக்கான சுழற்சியில், இரண்டு துண்டுகளோடு சேர்த்துப் போடுங்கள். இயந்திரத்தின் உண்மையான பயன் துவைப்பதில் இல்லை, அதன் ஸ்பின்னில் இருக்கிறது. கையால் எவ்வளவு அமுக்கினாலும் வெளியேறாத தண்ணீரைச் சுழற்சி வெளியேற்றிவிடும் என்பதால், கையால் துவைத்த பொம்மையைக்கூட உறையில் கட்டி ஸ்பின்னில் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுப்பது உலரும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும்.

வீசிங் உள்ள குழந்தையின் பொம்மையை வெறுமனே துவைத்தால் போதாது. சாதாரணத் தண்ணீர் உண்ணியின் கழிவைக் கழுவிவிடும், உண்ணிகளில் பல உயிரோடு மிஞ்சும். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் அவற்றைக் கொன்றுவிடும். சீட்டு அந்தச் சூட்டை அனுமதிக்காவிட்டால், பொம்மையை உறையில் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரும் ஃப்ரீசரில் ஒரு முழு நாளுக்குக் குறையாமல், பெரிய பொம்மையென்றால் இரண்டு நாள், வைத்திருங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன உறைபெட்டி அந்த அளவுக்குக் குளிராமல் போகலாம். உறைய வைப்பது உயிரைக் கொல்லுமே தவிர, கழிவுப் புரதத்தை அகற்றாது. ஆகவே வெளியே எடுத்த பின் சாதாரணத் தண்ணீரில் துவைத்தால்தான் வேலை முடியும்.

பேன் தொல்லை வந்த வீட்டில் பொம்மையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தலையை விட்டு விலகிய பேன் ஓரிரு நாளுக்கு மேல் பிழைக்காது. பிளாஸ்டிக் பையில் இரண்டு வாரம் கட்டி வைத்தாலே போதும். சிரங்கை உண்டாக்கும் உண்ணியும் உடலை விட்டுப் பிரிந்தால் பொதுவாக மூன்று நாளைத் தாண்டுவதில்லை, அதற்கு ஒரு வாரக் கட்டு போதுமானது.

உலர்த்துதல்

ஸ்பின்னிலிருந்து எடுத்த பொம்மையை உலர்ந்த துண்டில் சுருட்டி அமுக்குங்கள். துண்டு ஈரத்தைக் குடித்ததும் அடுத்த துண்டுக்கு மாற்றுங்கள். ரோமம் ஈரமாக இருக்கும்போதே பழைய பல் துலக்கியாலோ அகன்ற பற்களுள்ள சீப்பாலோ வாரிவிட்டால்தான் அது பிரிந்து நிற்கும். பிறகு வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுத் தொங்கவிடலாம், அல்லது துணி உலர்த்தும் கம்பிச் சட்டத்தின் மேல் கிடத்தலாம். காதிலோ கையிலோ கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் தண்ணீரின் கனம் முழுவதும் ஒரு தையலில் இறங்கி, காது நீண்டு, தையல் பிரியும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பொம்மையைப் புரட்டி, வயிற்றைப் பிசைந்து பஞ்சைக் கலைத்துவிடுங்கள். அப்போதுதான் காற்று உள்ளே நுழையும்.

வெயிலைவிடக் காற்றோட்டமே முக்கியம். காலை வெயிலில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டிவிட்டு, உச்சி வெயிலில் மெல்லிய வேட்டித் துணியை மேலே போர்த்திவிட்டால் நிறம் வெளுக்காது. சித்திரை, வைகாசி மாதங்களில் பொம்மையை மொட்டை மாடித் தரையிலோ தகரத்தின் மேலோ நேரடியாகக் கிடத்தக் கூடாது. பாலியெஸ்டர் இழை 70, 80 டிகிரிச் சூட்டிலேயே நெகிழத் தொடங்கும். அந்தச் சூட்டில் வளைந்த ரோமம் ஆறியதும் அதே வளைவில் நின்றுவிடும், பிறகு வாரினாலும் நிமிராது. முடி உலர்த்தும் ஹேர் டிரையரின் சூடான காற்றும், இஸ்திரிப் பெட்டியும் இதே கேட்டைத்தான் செய்யும். மாலையில் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்து, இரவெல்லாம் மின்விசிறியின் கீழ் வையுங்கள்.

இப்போது தராசை எடுங்கள். பாலியெஸ்டர் பஞ்சு தானாக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது என்பதால், பொம்மை கிட்டத்தட்டப் பழைய எடைக்குத் திரும்பினால் உள்ளே ஈரம் இல்லை. இருபது முப்பது கிராம் அதிகமாக இருந்தால் அது தண்ணீர்தான். கைக்குக் காய்ந்ததுபோல் தோன்றினாலும் இன்னும் ஒரு நாள் காய விடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கையளவுப் பொம்மைகளைத் தவிர வேறெதையும் முக்கித் துவைக்காமல் இருப்பதே நல்லது. அந்த மாதங்களுக்கு நுரைத் துடைப்பும் ஃப்ரீசரும் போதும். குழந்தை வாந்தி எடுத்து வேறு வழியில்லை என்றாலோ, பொம்மை குழந்தையளவு பெரியது என்றாலோ, முதுகுத் தையலில் விரற்கடை ஐந்தாறு அளவுக்குப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, மேல்தோலை மட்டும் சட்டையைப் போலத் துவைத்துக் காயப்போடுங்கள். பஞ்சு நல்ல நிலையில் இருந்தால் தலையணை உறையில் இட்டு வெயில் வரும்போது காட்டலாம். இல்லாவிட்டால் தலையணைக் கடைகளில் ரெக்ரான் என்று கேட்டுப் புதுப் பஞ்சு வாங்கி அடைக்கலாம். தைக்கும்போது இரு ஓரங்களையும் உள்பக்கமாக மடித்து, ஊசியை ஒரு மடிப்பினுள் நுழைத்து எடுத்து, நேரெதிரே இருக்கும் மடிப்பில் அதேபோல் நுழைத்து, மாறி மாறிச் சென்று இடையிடையே நூலை இழுத்தால் தையல் வெளியே தெரியாமல் மூடிக்கொள்ளும்.

குழந்தையும் பொம்மையும்

டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், குழந்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் இத்தகைய பொருள்களைப் பற்றி 1953-இல் வெளியான ஒரு கட்டுரையில், தாய்மார்கள் அதை அழுக்காகவும் வாடையோடும் இருக்க விடுவதற்குக் காரணம் உண்டு, துவைப்பது குழந்தையின் அனுபவத்தில் ஒரு முறிவை உண்டாக்கக்கூடும் என்று எழுதினார். இதை அலட்சியம் செய்யாதீர்கள். குழந்தை தூங்கும்போது பொம்மையைப் பறித்துத் துவைப்பதைவிட, குழந்தையையே உடன் வைத்துக்கொண்டு நுரை எழுப்பச் சொல்வது, கொடியில் இருக்கும் பொம்மையைப் போய்ப் பார்த்துவர விடுவது ஆகியவை நல்ல வழிகள். மணமில்லாத சோப்பைத் தேர்ந்தெடுத்தால் பொம்மை அந்நியமாகிவிடாது. ஒரு பொம்மைமேல்தான் உயிர் என்று தெரிந்தவுடனேயே அதேபோன்ற இன்னொன்றை வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்கினால் துவைக்கும் நாளில் அழுகை இருக்காது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் தொட்டிலில் மட்டும் தூங்கும் நேரத்தில் எந்தப் பஞ்சுப் பொம்மையும் இருக்கக் கூடாது; மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மையில் கழன்ற பிளாஸ்டிக் கண்ணுக்குப் பதில் நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள்.

பயன்படுத்தாத பொம்மைகளை முழுவதும் காய்ந்த பின் பருத்தித் துணிப் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் எஞ்சிய ஈரம் அடைபட்டுவிடும். பாச்சை உருண்டை எனப்படும் அந்துருண்டையைப் பொம்மைகளோடு போடவே வேண்டாம். நாப்தலீன் அடங்கிய அந்த உருண்டையின் ஆவி, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் இரத்தசோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

உள்பஞ்சில் கரும்புள்ளிகளோடு பூஞ்சை வாடை வந்துவிட்டாலோ, நுரை ரப்பர் பொடிந்து உதிர்ந்தாலோ, சாக்கடை கலந்த மழைவெள்ளத்தில் பொம்மை கிடந்தாலோ பஞ்சைக் காப்பாற்ற முயல வேண்டாம். அதைக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மேல்தோல் 60 டிகிரித் தண்ணீரைத் தாங்குமானால் அதில் துவைத்துக் காயவைத்துப் புதுப் பஞ்சு அடையுங்கள். தாங்காதென்றால் தோலையும் விட்டுவிடுங்கள்.